பகலுக்குப் பயந்த மாமா

எல்லார் வீட்டிலும் இருட்டுக்குப் பயப்படுகிற ஆள் ஒருவராவது இருப்பார். எங்கள் வீட்டில் வெயிலுக்குப் பயப்படுகிற ஆள் இருந்தார். அம்மாவின் தம்பி, என் சின்ன மாமா. பொழுது சாய்ந்துவிட்டால் அவரைப் போலச் சாதாரண மனுஷர் கிடையாது. சீட்டி அடிப்பார், என் சடையைப் பிடித்து இழுப்பார், இரண்டாவது தடவை சோறு கேட்டு அம்மாவிடம் வாங்கிக் கட்டிக்கொள்வார். வெயில் உச்சிக்கு ஏறினால் மட்டும் முகம் மாறிவிடும். தென்னை விளக்குமாறு ஒன்றை எடுத்து நுனியை முன்னால் நீட்டிப் பிடித்துக்கொண்டு அடிமேல் அடி வைத்து நடப்பார். கூட்டுவதற்கு இல்லை. நுனி தரையில் படவே படாது. இடுப்பு உயரத்தில் காற்றைத் தடவிக்கொண்டு போகும். எதிரே யாரோ நிற்கிறார்கள், அவர்மேல் தெரியாமல் மோதிவிடக் கூடாது என்கிற மாதிரி நடப்பார்.

பினாங்கில் எங்கள் சந்து முழுக்கத் தமிழ்க் குடும்பங்கள்தான். மாமா நடந்து வருவதைப் பார்த்தால் பெண்கள் பிள்ளைகளை உள்ளே இழுத்துக்கொள்வார்கள். "சாமி வந்த உடம்பு, விலகி நில்லு" என்பாள் ஒருத்தி. "சாமியுமில்ல பூதமுமில்ல, பேய ஓட்டிக்கிட்டுப் போறாரு" என்பாள் இன்னொருத்தி. நாங்கள் பிள்ளைகள் அவரை மாதிரியே விளக்குமாற்றைத் தூக்கிக்கொண்டு நடந்து காட்டுவோம். அம்மா கண்ணில் பட்டால் முதுகில் நாலு வைப்பாள். ஆனால் நாங்களும் ரொம்ப நேரம் சிரித்ததில்லை. ஆள் நடமாட்டமே இல்லாத நடுப்பகல் தெருவில், கண்ணை இமைக்காமல், ஒன்றுமில்லாத காற்றைத் தொட்டுத் தொட்டு ஒருத்தர் வருவதைப் பார்த்தால் எப்பேர்ப்பட்ட வாயாடிக்கும் வாய் மூடிக்கொள்ளும். எனக்கே மூடிக்கொண்டது என்றால் பார்த்துக்கொள்ளுங்கள்.

அவர் பிறவியிலேயே அப்படி இல்லை. ஒரு தைப்பூசத்தில்தான் அது ஆரம்பித்தது. ஜப்பான்காரன் வருவதற்குச் சில வருஷம் முந்தி. எனக்கு அப்போது எட்டு வயசு இருக்கும். ஒன்பது என்றும் அம்மா சொல்லுவாள். அவள் கணக்கு அவளுக்கே சரியாக வராது.

மாமா ஒரு மோட்டார் கராஜில் மெக்கானிக்காக இருந்தார். சீனர் ஒருவருடைய கராஜ். அவரைத் தவுக்கே என்போம், முதலாளி என்று அர்த்தம். தண்ணீர்மலை முருகன் கோயிலுக்குப் போகிற ரோட்டின் மேலேயே இருந்தது. தகரக் கூரை, நாலு கார் நிற்கிற அளவுக்கு சிமெண்டுத் தரை, பின்பக்கம் எண்ணெய் டிரம்களைப் பூட்டி வைக்கச் செங்கல் அறை. அந்த அறையின் வாசலை ஒட்டிய சுவரில் சிவப்புச் சாயம் அடித்த வாளிகள் வரிசையாகத் தொங்கும். எல்லாவற்றிலும் மணல். அந்த வாளிகளுக்கு மாமாதான் அதிகாரி. தீ விஷயத்தில் அவர் சொன்னதுதான் அங்கே சட்டம். தவுக்கேயே ஆனாலும் சுருட்டைப் பற்றவைக்க ரோட்டுக்குப் போய்விட வேண்டும்.

இதற்குக் காரணம் உண்டு. பட்டர்வொர்த்தில் ஒரு கராஜ் எரிந்ததை மாமா கண்ணால் பார்த்திருக்கிறார். பெட்ரோல் கொஞ்சம் கொட்டிப் பற்றிக்கொண்டது. யாரோ ஒரு நல்ல மனுஷன் ஓடிப்போய் ஒரு வாளித் தண்ணீரைக் கொண்டுவந்து ஊற்றினான். தீ தண்ணீர்மேல் ஏறி மிதந்துகொண்டே கதவுக்கு அடியில் புகுந்து தெருவுக்கு வந்துவிட்டதாம். அன்றிலிருந்து மாமாவுக்குத் தண்ணீர் என்றாலே எமன்தான். மணல், மணல் என்றே பேசுவார். எங்கள் வீட்டு அடுப்படியிலும் ஒரு மணல்வாளியைக் கொண்டுவந்து வைத்தார். பூனை அதைத் தன் சொந்த உபயோகத்துக்கு எடுத்துக்கொண்டது. "உன் கராஜுப் பவுசையெல்லாம் உன் தவுக்கேகிட்டக் காட்டு" என்று அம்மா ஒரு நாள் வாளியை வாசலில் விட்டெறிந்தாள். மறுநாள் புது மணலோடு வாளி அதே இடத்தில் இருந்தது. பூனைக்கும் சந்தோஷம்.

அந்த வருஷம் தவுக்கேயின் மகனுக்கு, சின்னத் தவுக்கேக்கு, கார்ப் பந்தயப் பைத்தியம் பிடித்தது. கதவில்லாத, தாழ்ந்த, பச்சை நிறக் கார் ஒன்றை வாங்கினான். பெட்ரோல் அதற்குப் போதாதாம். ஏதோ ஸ்பிரிட் வேண்டுமாம். அது டிரம்மில் கப்பலேறி வந்தது. அதைக் கலக்குவதும் காருக்கு ஊற்றுவதும் மாமா வேலை. சாயங்காலம் வீட்டுக்கு வந்தால் சட்டையெல்லாம் சாராய வாடை அடிக்கும்.

"கள்ளுக்கடைக்குப் போக ஆரம்பிச்சிட்டியாடா?" என்று அம்மா கேட்டாள்.

"ஐயோ அக்கா, இது காருக்கு ஊத்துறதுக்கா."

"ஆமா, காரு குடிக்குதாக்கும்! யாருகிட்ட கத விடுற?"

அம்மாவுக்குக் கோபம் வாடையில் மட்டும் இல்லை. மாமா சின்னப் பையனாக இருந்தபோது மலைக்காய்ச்சல் கண்டு பிழைப்பாரா என்று கிடந்திருக்கிறார். தம்பியைப் பிழைக்க வைத்தால் அவன் தோளில் காவடி எடுக்க வைக்கிறேன் என்று அம்மா முருகனுக்கு வேண்டிக்கொண்டாள். அவர் பிழைத்தார், வளர்ந்தார், மீசை வைத்தார், காவடி மட்டும் எடுக்கவில்லை. ஒவ்வொரு வருஷமும் ஏதாவது ஒரு சாக்கு. இந்த வருஷம் சாக்கு பச்சை நிறத்தில் வந்து நின்றது. தைப்பூசத்துக்கு மறுநாள் காலையில் காரைப் படகேற்றித் தெற்கே பந்தயத்துக்குக் கொண்டுபோக வேண்டும், விசேஷ நாளிலும் வேலை இருக்கிறது என்றார்.

முதல் நாள் சாயங்காலம் சோறு போட்டுக்கொண்டே அம்மா சொன்னாள். "முருகன் பொறுமையா இருக்காருன்னு நெனைக்காத. ஒரு நாளைக்கு அவரே வந்து ஒன்ன ஆட வப்பாரு, பாத்துக்க."

மாமா சிரித்துக்கொண்டே ரசம் கேட்டார். எனக்குத்தான் சிரிப்பு வரவில்லை. அம்மா சொல்லிவிட்டாள் என்றால் அது நடந்துவிடும் என்று நம்புகிற வயசு எனக்கு.

காவடி எடுத்துப் போகிறவர்களுக்கு எங்கள் சந்துப் பெண்கள் ஆண்டுதோறும் தண்ணீர்ப்பந்தல் வைப்பார்கள். கராஜ் வாசலில் பெரிய மரம் ஒன்று இருந்ததால் இடம் அங்கேதான். குடிக்கப் பானைத் தண்ணீரும் மோரும் இருக்கும். காவடிக்காரர் காலில் ஊற்றவும், அருள் வந்தவர் தலையில் ஊற்றிச் சாமியைக் குளிர வைக்கவும் பித்தளைக் குடங்களில் மஞ்சள் தண்ணீர் கரைத்து வேப்பிலை போட்டு வைத்திருப்பார்கள். பக்கத்திலேயே சர்பத் நானா ஐஸ் சீவிக்கொண்டிருப்பார். அவர் ராமநாதபுரத்துப் பக்கத்து முஸ்லிம். எங்களுக்கு எல்லாம் அவர் நானாதான், அண்ணன் என்று அர்த்தம். தைப்பூசத்தன்று எங்கள் கூட்டத்துக்கு அவர் பாதி விலையில் சர்பத் கொடுப்பார்.

காலையில் மாமா சுண்ணாம்பை எடுத்து வந்து கராஜ் வாசலில் இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடி வரைக்கும் ஒரு கோடு போட்டார்.

"அக்கா, இந்தக் கோட்டுக்கு உள்ள கர்ப்பூரம் வரக் கூடாது, ஊதுவத்தி வரக் கூடாது, பீடி வரக் கூடாது. ஒரு சொட்டுத் தண்ணியும் வரக் கூடாது."

"சாமியாவது வரலாமாடா?"

"சாமி வரட்டும். கையில தீ இல்லாம வரட்டும்." பிறகு சிரிப்பை விட்டுவிட்டு மெதுவாகச் சொன்னார். "வெளையாட்டு இல்லக்கா. இன்னிக்கு ஸ்பிரிட் டிரம்ம வெளிய உருட்டி வச்சிருக்கேன். அது பிடிச்சிச்சின்னா ரோட்டுல நிக்கிற நாம ஒருத்தரும் மிஞ்ச மாட்டோம்லா."

அம்மா முகத்தைத் திருப்பிக்கொண்டாள். நான் கோட்டில் கட்டைவிரலை ஒட்டி வைத்து நின்றேன். தாண்டக் கூடாது என்று சொன்ன இடத்தில் விரலை வைத்து நிற்பதில் ஒரு பெருமை.

பத்துப் பதினொரு மணிக்கெல்லாம் ரோடு கொள்ளவில்லை. வெயில் என்றால் அப்படி ஒரு வெயில். உறுமி மேளம் ஒரு பக்கம், வேல் வேல் என்ற சத்தம் ஒரு பக்கம், சாம்பிராணிப் புகையில் எதிர்ச் சாரிக் கடைகள் தெரியவில்லை. எல்லாரும் ரோட்டைப் பார்த்து நின்றார்கள். நான் மட்டும் உள்ளே பார்த்துக்கொண்டிருந்தேன். சின்னத் தவுக்கே பச்சைக் காரில் உட்கார்ந்திருந்தான். மாமா மூடியைத் திறந்த காரின் மூக்குக்குள் குனிந்து ஒரு சின்ன டின்னிலிருந்து ஸ்பிரிட்டை ஊற்றிக்கொண்டிருந்தார். இஞ்சின் இருமியது, நின்றது, இருமியது. மாமாவின் இரண்டு கைச் சட்டையும் மார்பும் நனைந்திருந்தன. அவருக்குப் பின்னால் சிவப்பு வாளிகளுக்கு நேர் கீழே டிரம் நின்றது. வாய் திறந்து, கைப்பம்பு செருகியிருந்தது.

இஞ்சின் பட்டென்று தும்மியது. பட்டாசு வெடித்த சத்தம்தான், மேளத்தில் யாருக்கும் கேட்டிருக்காது. மாமா சடக்கென்று பின்னால் நகர்ந்தார்.

பிறகு தன் கையைப் பார்த்தார். புதிதாக முளைத்த கையைப் பார்க்கிற மாதிரி திருப்பித் திருப்பிப் பார்த்தார். கையில் ஒன்றுமில்லை. எனக்கும் தெரிந்தது, கையில் ஒன்றுமே இல்லை. ஆனால் அவர் முகம் கோணிக்கொண்டு போனது. அந்தக் கோணலோடு டின்னின் மூடியை எடுத்து, வைத்து, இறுக்கித் திருகினார். டின்னைக் கீழே வைத்துக் காலால் மெதுவாக மேஜைக்கு அடியில் தள்ளினார். அதற்கப்புறம்தான் ஆட ஆரம்பித்தார்.

நான் எத்தனையோ பேருக்கு அருள் வந்து பார்த்திருக்கிறேன். இது வேறு மாதிரி. வாய் அகலத் திறந்திருந்தது, சத்தம் மேளத்தில் அமுங்கிவிட்டது. மார்பில் அடித்துக்கொண்டார். எங்களை நோக்கி ஓடி வந்தார். கோட்டுக்கு முன்னால் யாரோ கழுத்தில் கை வைத்து நிறுத்தினது போல நின்றார். திரும்பினார், வாளிகளை நோக்கி ஓடினார், டிரம்முக்குக் கொஞ்சம் முன்னால் மறுபடி நின்றார். திரும்ப இங்கே வந்தார். திரும்ப அங்கே போனார். அவரைச் சுற்றிக் காற்று நடுங்கியது, நடுப்பகலில் தார் ரோட்டுக்கு மேலே நடுங்குமே, அது மாதிரி. அவர் சட்டைக் கையில் தானாக ஒரு ஓட்டை விழுந்தது. அதன் ஓரம் பழுப்பாகி, ஓட்டை பெரிதாகிக்கொண்டே போனது. யாரும் தொடவில்லை. நான் பார்த்துக்கொண்டிருக்கும்போதே அவர் புருவம் இரண்டும் இல்லாமல் போனது. எனக்கு மயிர்க்கூச்செறிந்தது. அம்மா சொன்னது நடந்துவிட்டது, வந்துவிட்டார், இதோ மாமாவைப் பிடித்து ஆட்டுகிறார் என்று நினைத்தேன்.

"சாமி வந்திருச்சு! கராஜுக்காரத் தம்பிக்குச் சாமி வந்திருச்சு!" என்று ஒரு பெண் கத்தினாள். கூட்டம் மொத்தமும் திரும்பியது. மேளக்காரர்கள் கோட்டுக்கு வெளியே வரிசை கட்டி நின்று சாமிக்கு இன்னும் வேகமாக அடித்தார்கள். பெண்கள் குலவையிட்டார்கள். சின்னத் தவுக்கே காரிலிருந்து குதித்துச் சுவரில் முதுகை ஒட்டிக்கொண்டு, என்ன ஆச்சு, என்ன ஆச்சு என்று மலாயில் அலறினான்.

சர்பத் நானா மட்டும்தான் கோட்டைத் தாண்டி ஓடினார். மாமாவின் தோளைப் பிடித்தார். பிடித்த வேகத்தில் கையை உதறிக்கொண்டு, அல்லா என்று அலறிப் பின்னால் விழுந்தார். "தொடாதீங்க, சாமி கொதிக்குது!" என்றார் ஒருவர். அவ்வளவுதான், முன்வரிசை அப்படியே தரையில் விழுந்து கும்பிட்டது. மாமா எங்களைப் பார்த்து இரண்டு கைகளையும் உயர்த்தி வீசி வீசி ஆட்டினார். நானும் கைகூப்பினேன்.

அப்போது அம்மா போனாள். பித்தளைக் குடத்தை இடுப்பில் தூக்கிக்கொண்டு, மாமா போட்ட கோட்டை மிதித்துத் தாண்டி, "முருகா, என் தம்பி பண்ணினது தப்புதான், மன்னிச்சிரு, எறங்கிரு" என்று அழுதுகொண்டே மஞ்சள் தண்ணீரை அவர் தலையில் கொட்டினாள். சூடான தோசைக்கல்லில் தண்ணீர் தெளித்தால் வருகிற சத்தம் வந்தது. மாமாவின் உடம்பிலிருந்து வந்தது. அம்மா பயப்படாமல் அடுத்த குடத்தை வாங்கினாள். மற்றப் பெண்களும் கோட்டைத் தாண்டினார்கள். ஊற்று ஊற்று என்று ஊற்றினார்கள். மாமா முழங்கால் மடங்கி மஞ்சள் தண்ணீரில் சரிந்தார். மேளம் நின்றது.

சாமி மலையேறிவிட்டது என்று சொல்லி, அம்மா விபூதியை எடுத்து அவர் கையில் பூசினாள். பூசின விரலோடு தோல் வந்துவிட்டது. அதற்கப்புறம் அம்மா கத்தின கத்தலை நான் இன்னொரு தடவை என் வாழ்நாளில் கேட்கவில்லை.

சின்னத் தவுக்கேயின் வேறொரு காரில் ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனார்கள். பக்கத்தில் நானாவும் உட்கார்ந்து போனார், உள்ளங்கை முழுதும் கொப்புளத்தோடு. மாமா பிழைப்பாரா என்பதே ரொம்ப நாள் தெரியவில்லை. அம்மா சோறு இறங்காமல் கிடந்தாள். தான் போட்ட சாபம்தான் தம்பியைப் பிடித்தது என்று அவளுக்குள் ஒரு பயம். அப்பா கப்பல்துறையில் கிராணி, கணக்கு எழுதுகிற ஆள், எதற்கும் பதில் சொல்லாதவர். அவர்கூட ஒரு நாள் சாமி படத்துக்கு முன்னால் ரொம்ப நேரம் நின்றதைப் பார்த்தேன்.

மாமா பிழைத்துவிட்டார். கட்டுப் பிரித்து வீட்டுக்கு வந்தபோது இரண்டு கையும் மார்பும் ரோஜா நிறத்தில் சுருங்கிக் கிடந்தன. அதற்குள் ஊர் முழுக்கச் செய்தி போயிருந்தது. முருகன் பிடித்த பிடியின் தழும்பு என்றார்கள். காணாமல் போன பிள்ளையைப் பற்றிக் குறி கேட்க, அக்கரையில் பத்து காவான் என்கிற ஊர்த் தோட்டத்திலிருந்து படகேறி ஒரு தாய் வந்தாள். அவள் வாசலில் எலுமிச்சம்பழத்தோடு உட்கார்ந்திருக்க, மாமா உள்ளே சுவரைப் பார்த்துப் படுத்துக்கொண்டார்.

"அக்கா, அது நெருப்பு. வர்றவங்ககிட்டச் சொல்லு" என்றார்.

"நெருப்பா? தெனம் அடுப்பு ஊதுறவ நானு, எனக்கு நெருப்பு தெரியாதா? எங்கடா இருந்துச்சு? நான் பாக்கல. ரோட்டுல நின்ன அத்தன சனமும் பாக்கல. நீ பாத்தியா?"

மாமா சுவரிலிருந்து முகத்தைத் திருப்பினார். "நானும் பாக்கலக்கா" என்றார். "எரியிது, ஆனா கண்ணுக்கு ஒண்ணுமில்ல. நீ மொத நாளு சொன்னது ஞாபகம் வந்துச்சு. சாமிதான் வந்துருச்சுன்னு நானே நம்பிட்டேன்."

அம்மா அவர் தலையைத் தடவிக்கொடுத்தாள். அவளுக்கு அந்தக் கடைசி வாக்கியம் போதுமாக இருந்தது. வாசலில் இருந்தவளிடம் போய் அதை மட்டும் சொன்னாள்.

மாமா விடவில்லை. உடம்பு தேறின பிறகு ஒரு நடுப்பகலில் கராஜிலிருந்து ஒரு குப்பியில் கொஞ்சம் ஸ்பிரிட் கொண்டுவந்தார். நானாவையும் கூட்டி வந்தார். பின்கட்டு வெயிலில் வெள்ளை மங்குத் தட்டு ஒன்றை வைத்து அதில் ஊற்றினார். தீக்குச்சியைக் கிழித்துத் தட்டில் காட்டிவிட்டு நகர்ந்துகொண்டார்.

"என்ன தெரியிது?"

ஒன்றும் தெரியவில்லை. தட்டில் தண்ணீர் மாதிரி கொஞ்சம் கிடந்தது. வெயில் அடித்தது. அவ்வளவுதான். பூனை என்னவென்று பார்க்கத் தட்டருகில் போய் முகத்தை நீட்டியது. அடுத்த நொடி வீலென்று துள்ளி மதிலேறி ஓடியது. ஒரு பக்கத்து மீசை சுருண்டு போயிருந்தது. மாமா விளக்குமாற்றிலிருந்து ஒரு ஈர்க்கை உருவி, தட்டுக்கு மேலே வெறும் காற்றில் பிடித்தார். எல்லாரும் பார்த்துக்கொண்டிருக்க, ஈர்க்கின் நுனி கறுத்தது, வளைந்தது, நெளிந்தது. எதுவும் அதைத் தொடவில்லை. கொஞ்சம் பொறுத்து நுனியில் மஞ்சளாக ஒரு பொட்டு எரிந்தது.

நானா தன் உள்ளங்கையைப் பார்த்துக்கொண்டார். "தம்பி சொல்றது நெசம்தான்மா. இது நெருப்புதான்" என்றார்.

அம்மாவோ, இடுப்பில் சொருகின முந்தானையை எடுத்துத் தோளில் போட்டுக்கொண்டு, தட்டுக்கு முன்னால் தரையில் விழுந்து கும்பிட்டாள். "பாத்தீங்களா நானா, கூப்பிட்டதும் இங்கயும் வந்துட்டாரு" என்றாள். எழுந்து கர்ப்பூரம் எடுக்க உள்ளே ஓடினாள்.

மாமா முதலில் சிரித்தார். ரொம்பச் சிரித்தார். அப்புறம் அந்தச் சுருங்கின கைகளால் முகத்தை மூடிக்கொண்டு தேம்பினார். அன்றோடு அம்மாவிடம் அந்தப் பேச்சை விட்டுவிட்டார்.

அதே குப்பியில் மிச்சம் இருந்ததைச் சாயங்காலம், பொழுது மங்கினபோது, மறுபடி தட்டில் ஊற்றிப் பற்றவைத்தார். அம்மா அடுப்படியில் இருந்தாள், வரவில்லை. நான் மட்டும் பார்த்தேன். நீலமாக, மெல்லிசாக, தட்டு முழுவதும் அலைந்துகொண்டிருந்தது. பகலில் நாங்கள் பார்த்துக்கொண்டு நின்றபோதும் அது அங்கேதான் இருந்திருக்கிறது. அதை நினைத்ததும் தட்டை விட்டு இரண்டடி பின்னால் நகர்ந்துகொண்டேன். "இருட்டுல இது ஒளிஞ்சிக்க முடியாது பாப்பா. பகல்லதான் நம்ம பக்கத்துலேயே நிக்கும்" என்றார் மாமா. விளக்குமாறு வந்தது அதற்கப்புறம்தான்.

கராஜுக்குத் திரும்பிப் போனவர், ஸ்பிரிட் பெட்ரோல் மாதிரி மிதக்காது, தண்ணீரில் கரைந்து அணைந்துவிடும் என்று சட்டத்தை மாற்றினார். மணல்வாளிகளை டிரம்மிடமிருந்து பிரித்து வாசல் பக்கம் கொண்டுவந்தார். தண்ணீர்த் தொட்டி ஒன்றும் ஈரச் சாக்குகளும் உள்ளே வந்தன. பந்தயத்துக்குப் போனாலும், ஓட்டத்தின் நடுவே கார்கள் வந்து நின்று எண்ணெய் ஊற்றிக்கொள்கிற கொட்டகையில், மாமா விளக்குமாற்றை நீட்டிக் காரை ஒரு சுற்று வந்த பிறகுதான் மற்றவர் கிட்டே போகலாம். அங்கிருந்த வெள்ளைக்காரர்கள் கெக்கெக்கே என்று சிரித்தார்களாம். ஒரு தடவை பக்கத்துக் காரின் ஓரத்தில் ஒன்றுமில்லாத இடத்தில் விளக்குமாற்று நுனி பற்றிக்கொண்டது. மாமா ஈரச் சாக்கை எறிந்தார். அப்புறம் யாரும் சிரிக்கவில்லை என்று சின்னத் தவுக்கே எங்கள் வீட்டுக்கே வந்து அப்பாவிடம் சொல்லிவிட்டுப் போனான்.

ஆனால் அவர் அதை எங்கள் சந்திலும் செய்தார் என்பதுதான் எங்களுக்குப் புரியாமல் இருந்தது. எங்கள் சந்தில் ஏது ஸ்பிரிட்? இருந்தாலும் நடுப்பகலில் கதவைத் திறந்து வெளியே வந்தால் முதலில் விளக்குமாறுதான் வரும். ஒரு முறை பட்ட உடம்பு அப்படித்தான் நடக்கும் என்று இப்போது தெரிகிறது.

அடுத்த தைப்பூசத்தில் மாமா காவடி எடுத்தார். அம்மா வற்புறுத்தவே இல்லை, அவராகவே விரதம் இருந்து, தழும்பேறின தோளில் எடுத்தார். சர்பத் நானா கேட்டேவிட்டார். "நெருப்புன்னு நீங்கதான் சொன்னீங்க தம்பி. அப்புறம் இது எதுக்கு?"

"தண்ணி ஊத்தினது எங்க அக்கா" என்றார் மாமா. "அவளுக்குத் தெரிஞ்ச காரணத்துக்கு ஊத்தினா. தண்ணி வேணாம், வேணாம்னு கோடு போட்டவன் நான். அவ என் பேச்சக் கேட்டிருந்தா நான் இன்னிக்கு இல்ல நானா."

அம்மா சாகிற வரைக்கும் அந்த நாளைப் பற்றிப் பேசினால் ஒரே ஒரு விஷயத்தைத்தான் திரும்பத் திரும்பச் சொல்வாள். "அத்தன கூட்டத்துல முருகன் ஒன்னப் பாத்துதான்டி ரெண்டு கையாலயும் ஆசீர்வாதம் பண்ணினாரு. அதான் நீ நல்லா இருக்க." நானும் அதை ரொம்ப வருஷம் நம்பிக்கொண்டு சந்தோஷமாகவே இருந்தேன்.

சண்டையெல்லாம் முடிந்து, எனக்குக் கல்யாணமாகி, மாமாவும் போய்ச் சேர்ந்த பிறகு ஒரு தைப்பூசத்துக்கு என் பிள்ளையைக் கையில் பிடித்துக்கொண்டு அந்த வழியாகப் போனேன். கராஜ் இல்லை. யாரோ பலகை அடுக்கி வைத்திருந்தார்கள். சிமெண்டுத் தரை மட்டும் அப்படியே இருந்தது. பின்பக்கம், டிரம் நின்ற இடத்தில், துருப்பிடித்த வட்டம் ஒன்று பதிந்திருந்தது. வாசலில் கோடு இருந்த இடத்தில் நான் நின்றேன். அந்த வட்டத்துக்கும் எனக்கும் நடுவில் எங்கள் வீட்டுக் கூடம் அளவுக்குத்தான் இடம் இருந்தது. சின்ன வயசில் அது பெரிய மைதானம் மாதிரி தெரிந்தது.

அந்த இடத்துக்குள்தான் மாமா ஓடியிருக்கிறார். மணல் இருந்த பக்கம் போனால் திறந்த டிரம். தண்ணீர் இருந்த பக்கம் வந்தால் நாங்கள், கர்ப்பூரமும் சாம்பிராணியும் கையுமாக, தோளோடு தோள் நெருக்கிக்கொண்டு. விழுந்து புரளலாம் என்றால் தரையெல்லாம் எண்ணெய். எரிகிற உடம்போடு அங்கே போய் நின்றிருக்கிறார், இங்கே வந்து நின்றிருக்கிறார். ஒரு சாமியும் அவர் கழுத்தில் கை வைத்து நிறுத்தவில்லை. அவரேதான் நின்றார்.

அந்தக் கைகள் என்ன சொல்லின என்று அப்போதுதான் எனக்கு உறைத்தது. போங்கள், ஓடுங்கள், கிட்டே வராதீர்கள் என்று அவர் இரண்டு கையாலும் எங்களை விரட்டியிருக்கிறார். என்னைப் பார்த்துத்தான் விரட்டினார், அம்மா சொன்னது அந்த மட்டில் சரிதான். அன்று நான் கூப்பின கையை எடுக்காமல், ஆசீர்வாதம் நன்றாக என்மேல் படட்டும் என்று, கோட்டைத் தாண்டி ஓரடி உள்ளே போய் நின்றுகொண்டேன்.